"என் எடம் அதுல வருதா டீச்சர்?" – மாம்பலத்தின் நூறு வருஷக் கதை

இது நீளமான பதிவு. பேரனின் பிறந்தநாள் படத்துக்கு விழுந்த லைக்கில் கால்வாசிகூட இதற்கு விழாது என்று தெரியும். இருந்தாலும் எழுதிவிடுகிறேன். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் ஒருநாள் காலை ரேஷன் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இரண்டு தாள். முதல் தாள் ஆங்கிலம், இரண்டாவது தாள் தமிழ். எங்கள் பகுதிக் கடைத்தெருவை மறுசீரமைக்கப் போகிறார்கள், அதற்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம், ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் எழுத்து மூலமாகத் தெரிவிக்கலாம் என்று இருந்தது. எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. கூட்டம் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு.

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார் பூக்காரம்மா. அவர் மகள் என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவள், இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள்.

"டீச்சர், அதுல இன்னா போட்டுக்கீது? கொஞ்சம் படிச்சு சொல்லு."

படித்துச் சொன்னேன். தமிழ்த் தாளைத்தான் படித்தேன், ஆனாலும் அதைத் திரும்பவும் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. 'மறுசீரமைப்பு' என்றால் என்ன, 'வழித்தடம்' என்றால் என்ன என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"என் எடம் அதுல வருதா டீச்சர்?"

என்னிடம் பதில் இல்லை. நோட்டீஸோடு வரைபடம் எதுவும் இல்லை. முப்பத்தைந்து வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவள் நான். பதில் தெரியாத கேள்வியை "நாளைக்குச் சொல்றேன்" என்று தள்ளிவைக்கும் வித்தை எனக்கு அத்துப்படி. அதையேதான் அன்றைக்கும் செய்தேன். அந்த 'நாளைக்கு'க்காக நூலகம் போய்ப் படித்ததையும், பிறகு நடந்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

*

மாம்பலத்திலும் தி.நகரிலும் குடியிருப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், நாம் ஏரிக்குள் குடியிருக்கிறோம் என்று? மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் எங்கே? நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா இருக்கிறது, டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, டேங்க் எங்கே? வகுப்பில் இந்தக் கேள்வியைப் போட்டால் பிள்ளைகள் திருதிருவென்று முழிப்பார்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீளமாக ஒரு ஏரி கிடந்தது. வெள்ளைக்காரர்கள் அதை லாங் டேங்க் என்றார்கள். அதில் படகுப் போட்டிகூட நடத்தியிருக்கிறார்கள். பட்டணத்தின் மேற்கு எல்லையே அந்தத் தண்ணீர்தான். அதற்கு அந்தப் பக்கம் மாம்பலம், செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த கிராமம்.

1920களில் அந்த ஏரியை வடித்து, மனை பிரித்து, புறநகர் ஒன்றை உண்டாக்கினார்கள். அதுதான் தியாகராய நகர். இன்றைக்கு அது ஊரின் நட்ட நடுவில் இருப்பதால் புறநகர் என்றால் சிரிப்பு வரும். ஆனால் பிறந்தபோது அது ஊருக்கு வெளியேதான் இருந்தது. நடுவில் ஒரு பூங்கா, அதைச் சுற்றிப் பிரிந்து போகும் சாலைகள், வரிசையாக மனைகள் என்று தாளில் முதலில் வரைந்து, பிறகு தரையில் போட்ட ஊர். நீதிக்கட்சி ஆட்சிக் காலம் அது. அதனால் பெயர்களெல்லாம் அந்தக் கட்சியின் வருகைப் பதிவேடு மாதிரி இருக்கும். 1925ல் மறைந்த சர் பிட்டி தியாகராயர் பெயரில் நகர், அன்றைய முதன்மந்திரி பனகல் அரசர் பெயரில் பூங்கா, டாக்டர் நடேச முதலியார் பெயரில் இன்னொரு பூங்கா, உஸ்மான் பெயரில் சாலை, டி.எம்.நாயர் பெயரில் சாலை. பாண்டி பஜாரின் 'பாண்டி'கூடப் பாண்டிச்சேரி இல்லை, டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். என் மாணவர்கள் பலர் அதைப் பாண்டிச்சேரியிலிருந்து வந்த கடை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ரயில் பாதைக்குக் கிழக்கே இப்படிக் கோடு போட்டு வரைந்த ஊர். மேற்கே, நாங்கள் இருக்கும் பக்கம், வயலும் தோப்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெருவாக மாறித் தானாக வளர்ந்த ஊர். அந்தக் காலத்தில் மேற்கு மாம்பலம் என்றாலே கொசுவும் யானைக்காலும்தான் பேச்சு. 1931ல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. அதன்பிறகு இரண்டு பக்கமும் ஜனம் குவிந்தது. ஒரே ஸ்டேஷன், இரண்டு ஊர். இன்றைக்கும் ஸ்டேஷன் படியில் எந்தப் பக்கம் இறங்குகிறோம் என்பதை வைத்து ஆளை எடைபோடுகிறவர்கள் உண்டு!

இந்தத் தி.நகருக்குப் பின்னால் இருந்தது 1920ஆம் வருஷத்துச் சென்னை நகரமைப்புச் சட்டம். இங்கிலாந்தில் 1909ல் வந்த சட்டத்தைப் பார்த்து எழுதியது. திட்டம் போட்டால் வெளியிட வேண்டும், மக்கள் ஆட்சேபணை சொல்ல இடம் தர வேண்டும் என்ற ஏற்பாடு அதிலேயே உண்டு. ஆக, கருத்துக் கேட்பது என்பது நேற்று வந்த புதுப் பழக்கம் இல்லை, இந்த ஊரில் அதற்கு நூறு வயது தாண்டிவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பெருமை ரொம்ப நேரம் நிற்கவில்லை. யாரால் ஆட்சேபணை சொல்ல முடிந்திருக்கும் என்று யோசித்தேன். அரசு அறிவிப்புகள் அப்போது வந்தது செயிண்ட் ஜார்ஜ் கோட்டை கெஜட்டில். அன்றைக்குச் சென்னை மாகாணத்தில் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் எழுத்துத் தெரியும். ஓட்டுரிமையே சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான். மனை உள்ளவரிடம் கேட்டால் மனை எவ்வளவு அகலம் என்று பதில் வரும். ஏரியில் மாடு குளிப்பாட்டியவரிடமும், அதன் தண்ணீரை நம்பி நட்டவரிடமும் கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும். 2021 நவம்பர் மழையில் தி.நகர் வீதிகளில் முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தபோது எனக்கு இந்த நினைப்பு வரவில்லை. நூலகத்தில் காய்ந்த மேஜைமேல் உட்கார்ந்திருக்கும்போதுதான் வந்தது.

*

இந்தச் சட்டம் வருவதற்கு ஐந்து வருஷம் முன்னால் நடந்த கதை ஒன்று உண்டு. பேட்ரிக் கெடிஸ் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். டண்டீ நகரில் தாவரவியல் பேராசிரியர். செடி கொடி பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார் பிறகு ஊர்களைப் பார்க்க ஆரம்பித்தார். 1914ல் சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபு அவரை அழைத்தார். ஐரோப்பிய நகரங்களின் வரைபடம், ஓவியம், படம் என்று பெரிய கண்காட்சி ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தார் கெடிஸ். அதைத் தனியாக ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அந்தக் கப்பலை அக்டோபரில் மூழ்கடித்தது எது தெரியுமா? நம்ம எம்டன்! செப்டம்பர் 22ஆம் தேதி ராத்திரி சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போன அதே ஜெர்மன் கப்பல். "அவன் பெரிய எம்டன்" என்று இன்றைக்கும் நாம் சொல்கிறோமே, அந்த எம்டன்தான். பல வருஷம் சேர்த்த சேகரிப்பு கடலடிக்குப் போனது.

மனுஷர் அசரவில்லை. ஊரில் இருந்த நண்பர்கள் புதிதாகச் சேர்த்து அனுப்ப, 1915 ஜனவரியில் நம் பல்கலைக்கழக செனட் ஹவுஸில் கண்காட்சி நடந்தது. பிறகு மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். தஞ்சாவூர், மதுரை எல்லாம் அதில் உண்டு.

அந்தக் காலத்து இன்ஜினியர்களுக்குப் பழைய தெரு என்றாலே ஆகாது. சந்து கோணலாக இருக்கிறதா, ஸ்கேலை வை, நேராகக் கோடு போடு, கோட்டில் வருகிற வீட்டை இடி. கெடிஸ் இதை எதிர்த்தார். முதலில் நடந்து பாருங்கள் என்றார். எந்த வீடு இடிந்து கிடக்கிறது, எந்த மரத்தடியில் ஜனம் உட்காருகிறது, எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறார்கள், கோயில் எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு, இடிந்து கிடப்பதை மட்டும் எடுத்தாலே காற்றும் வெளிச்சமும் வந்துவிடும், மற்ற வீடுகள் பிழைக்கும், செலவும் குறையும். வைத்தியர் நாடி பார்க்காமல் கத்தி எடுப்பாரா என்பதுதான் அவர் வாதம்.

இதைப் படித்ததும் எனக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஞாபகம் வந்தது. சூழ்நிலையியல் பாடத்துக்கு எங்களைத் தெருவில் நடக்கவிட்டு, பள்ளியைச் சுற்றியுள்ள இடத்தைப் படம் வரையச் சொன்னார்கள். வெயிலில் அலைந்துகொண்டு மனசுக்குள் திட்டினோம். பாடப் புத்தகத்துக்கு முன்னால் பிள்ளையின் தெருவைப் படி என்ற அந்த யோசனையின் வேர்களில் ஒன்று இந்தக் கெடிஸ் என்பது எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் தெரிகிறது.

அவர் இந்தூரில் செய்ததைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. அங்கே பிளேக் பயம், ஊரெல்லாம் குப்பை. வெள்ளைக்காரர் தாடியும் கையுமாகத் தெருத்தெருவாகச் சுற்றுவதைப் பார்த்து ஜனங்கள் பயந்தார்கள், வீட்டை இடிக்க வந்த ஆள் என்று. கெடிஸ் மகாராஜாவிடம் போய், ஒருநாள் என்னை மகாராஜாவாக்குங்கள் என்று கேட்டார். தீபாவளிக்குப் பெரிய ஊர்வலம், எந்தத் தெரு சுத்தமாக இருக்கிறதோ அந்தத் தெரு வழியாகத்தான் போகும் என்று அறிவித்துவிட்டார். பிறகென்ன, வீட்டுக்கு வீடு போட்டி போட்டுக்கொண்டு பெருக்கி வெள்ளையடித்தார்கள். ஊர்வலத்தில் பிளேக் எலியைப் பெரிய பொம்மையாகச் செய்து இழுத்து வந்தார்கள். தெருக் கூட்டுகிறவர்கள் வெள்ளை உடுப்பில், துடைப்பத்துக்கு மாலை போட்டுக்கொண்டு நடந்தார்கள். துளசிச் செடி கொடுத்தார்கள். ஒரு வாத்தியாருக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும் என்று நான் சொன்னால் அது கட்சி கட்டிப் பேசுவதாகிவிடும். ஆனாலும் சொல்கிறேன்.

அவரையும் கொண்டாடித் தள்ளிவிட வேண்டாம். அவரும் கவர்னரின் விருந்தாளிதான், அறிக்கையும் ஆங்கிலத்தில்தான், எழுதியதில் பெரும்பகுதி தாளிலேயே நின்றுவிட்டது. அவருக்குப் பின்னால் வந்த லான்செஸ்டர் என்ற கட்டடக் கலைஞர் 1918ல் சென்னை நகரமைப்பு பற்றிப் புத்தகம் எழுதினார். 1920ல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் வரைபடம், அறிவிப்பு, ஆட்சேபணை எல்லாம் இருந்தன. கெடிஸ் சொன்ன நடந்து பார்க்கும் வேலைதான் விட்டுப்போனது.

பிறகு நம் மாநிலத்துக்கு 1971ஆம் வருஷத்துப் புது நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. திட்டத்தை அறிவித்துவிட்டுக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும், யார் வேண்டுமானாலும் ஆட்சேபணையும் ஆலோசனையும் சொல்லலாம் என்கிறது. மனை உள்ளவர் என்ற நிபந்தனை இல்லை. நல்ல முன்னேற்றம்தான். எப்படிச் சொல்ல வேண்டும்? எழுத்து மூலமாக. ரேஷன் கடைச் சுவரில் நான் படித்த அதே இரண்டு சொல்.

*

பாண்டி பஜார் எல்லோரும் அறிந்த கதை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வளையல், ஹேர்பின், நைட்டி, செருப்பு என்று நடைபாதை நிறைய கடைகள் இருந்த காலத்தில் வளர்ந்தவள் நான். என் கல்யாணத்துக்குத் தேவையான சில்லறைச் சாமான் பாதி அங்கே வாங்கியதுதான். வருஷக்கணக்கில் வழக்கு நடந்து, 2013ல் அந்தக் கடைக்காரர்களை அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றினார்கள். நடந்துபோகிறவர் கண்ணில் பட்டு விற்ற பொருளைப் படியேறிப் போய் யார் தேடுவார்கள் என்று அவர்களில் பலர் புலம்பியதைக் காதால் கேட்டிருக்கிறேன்.

2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியலில் சென்னை வந்தது, அதில் தி.நகர்தான் தேர்ந்தெடுத்த பகுதி. பாண்டி பஜார் சாலையில் கார் ஓடும் அகலத்தைக் குறைத்து நடைபாதையை அகலமாக்கி, 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் என்று திறந்தார்கள். கார் நிறுத்த இடம் போனால் வியாபாரம் படுத்துவிடும் என்று பெரிய கடைக்காரர்கள் பயந்தார்கள். அதற்காகக் கட்டுவதற்கு முன்னாலேயே சில நாள் தடுப்பு வைத்து, சாலையை மாற்றிச் சோதித்துப் பார்த்தார்கள். இந்த ஒரு காரியத்தை நான் மனசாரப் பாராட்டுவேன். வரைபடம் புரியாதவருக்குக்கூட, நடந்து பார்த்தால் புரியும். பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று அங்கேயே சொல்லலாம். குழந்தை அங்கே ஓடி விளையாடுவதைப் பார்த்தால், என் முட்டி வலியோடு அந்த பெஞ்சில் உட்கார்ந்தால், நல்ல வேலை என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் அந்தச் சோதனை நடந்த வருஷங்களில் பழைய நடைபாதைக் கடைக்காரர்கள் அந்தச் சாலையில் இல்லை. அதற்கு முன்பே மேலே ஏற்றியாகிவிட்டது. நடைபாதை சின்னதாக இருந்தபோது அதில் அவர்களுக்கு இடம் போதவில்லை, பெரிதானபோது அவர்கள் அங்கே இல்லை. வரிசையைக் கொஞ்சம் மாற்றிப் போட்டிருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

2014ல் தெரு வியாபாரிகளுக்கென்றே ஒரு மத்திய சட்டம் வந்தது. ஒவ்வொரு ஊரிலும் விற்பனைக் குழு இருக்க வேண்டும், அதில் நூற்றுக்கு நாற்பது பேராவது வியாபாரிகளாக, அவர்களே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும், அதிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நம் மாநிலத்தில் 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று ஏரியா சபைக் கூட்டங்கள் தொடங்கின, கிராம சபை மாதிரி நகரத்துக்கு. சட்டத்தில் குறை இருக்கிறது என்று சொல்லவே முடியாது. பூக்காரம்மாவிடம் இந்த நாற்பது சதவீதக் கதையைச் சொன்னேன். "அப்பிடியா! யாரு டீச்சர் அதுல கீறாங்கோ?" என்று கேட்டார். மறுபடியும் நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

*

புதன்கிழமைக் கூட்டத்துக்குப் போனேன். காலை பதினொரு மணி என்பது பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு வசதியான நேரம். பூக்காரம்மா ராத்திரி மூன்று மணிக்குக் கோயம்பேடு போய் உதிரிப் பூ வாங்கி வந்து, ஏழு மணிக்குள் கூடையை வைத்து, பத்தரை வரை விற்று, வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட்டுப் படுக்கிற நேரம் அது. இரண்டு மணிக்கு எழுந்து மாலைக்குக் கட்ட வேண்டும். காய்கறிக்காரர், இட்லிக்கடை அம்மா எல்லோருக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். கூட்டத்தில் நாற்பது நாற்காலி, அதில் பாதிக்கு மேல் காலி, இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் போல நரைத்தவர்கள்.

திரையில் படம் போட்டார்கள். அழகான படம், அதில் சந்தேகமில்லை. மரம், பெஞ்ச், சைக்கிளில் போகும் ஒரு பெண், நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஒருவர். படத்தில் இருந்தவர்கள் முகத்தைப் பார்த்தால் நம் ஊர்க்காரர்களாகவே தெரியவில்லை, வேறு எங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருப்பார்கள் போல. ஸ்டேஷன் பக்கம் திரும்பும் முனையில், பூக்காரம்மா உட்காரும் இடத்தில், தொட்டியில் ஒரு செடி இருந்தது.

எழுந்து கேட்டேன். "இந்த இடத்தில் காலையில் பூ விற்கிறார்கள். அவர்கள் எங்கே?" விளக்கம் சொன்ன தம்பி மரியாதையான பிள்ளை. என் பேரன் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட. "மேடம், அது டிராயிங் மட்டும்தான். நீங்க எழுதிக் குடுங்க, கன்சிடர் பண்றோம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடம் கொடுத்த வேலை படத்தைக் காட்டுவது. அதைச் சரியாகச் செய்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் பழைய மாணவர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டேன். ஒருத்தி கல்லூரியில் படிக்கிறாள், இன்னொருவன் வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கிறான். தெருவில் ஒவ்வொரு சந்தும் அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பயிற்சிப் பள்ளியில் செய்த அதே வேலை. சார்ட் தாள் மூன்று வாங்கி, ஒரே தெருவை மூன்று முறை வரைந்தோம். காலை ஆறரை மணிக்கு ஒன்று, மதியம் பன்னிரண்டுக்கு ஒன்று, ராத்திரி ஏழரைக்கு ஒன்று. யார் எங்கே உட்காருகிறார்கள், நிழல் எங்கே விழுகிறது, தண்ணீர் எங்கே பிடிக்கிறார்கள், பெண்கள் ஒதுங்கக் கழிப்பறை எங்கே என்று குறித்தோம். கடைசிக் குறிப்புக்கு மூன்று தாளிலும் இடம் காலியாகவே கிடக்கிறது.

வரைந்தபிறகுதான் எனக்கே ஒரு விஷயம் புரிந்தது. காலைத் தாளில் இருப்பவர்களில் பாதிப் பேர் ராத்திரித் தாளில் இல்லை. காலையில் கீரைக்காரர் உட்காரும் அதே நாலடி இடத்தில் ராத்திரி சோளம் சுடுகிறவர் நிற்கிறார். அவர்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. அலுவலகத்திலிருந்து பதினொரு மணிக்கு வந்து எண்ணினால் இரண்டு பேருமே கண்ணில் பட மாட்டார்கள்.

மனு எழுதினேன். நாலு பக்கம். மூன்று தாளையும் சேர்த்து இணைத்தேன். செடித் தொட்டியை மூன்றடி தள்ளி வைத்தால் போதும், கூடைக்கு இடம் இருக்கும், நடப்பவர்களுக்கும் இடைஞ்சல் இல்லை என்று அளந்தே எழுதினேன். அடுத்த கூட்டத்தை மதியம் மூன்று மணிக்கு வைக்க வேண்டும் என்றும் கேட்டேன். பிறகு கையெழுத்து வாங்கத் தெருவில் இறங்கினேன். இங்கேதான் ஒரு தப்புச் செய்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

காய்கறிக்காரர் போட்டார், கீரைக்காரர் கைநாட்டு வைத்தார். பூக்காரம்மா மட்டும் தாளைத் தொடவே இல்லை. கனகாம்பரத்தை வாழைநாரில் வைத்துக் கட்டிக்கொண்டே இருந்தார். நான் விடவில்லை. "உங்களுக்காகத்தானே இவ்வளவும் எழுதினேன். நீங்களே போடலைன்னா எப்படி?" என்று வகுப்பில் அதட்டுவது மாதிரிச் சொல்லிவிட்டேன். அவர் தலை நிமிர்ந்தார்.

"கோச்சுக்காத டீச்சர். இப்போ நான் அங்க குந்தினுக்கீறது யாருக்கும் தெரியாது. கையெழுத்து போட்டா பேரு தெரிஞ்சுடும். பேரு தெரிஞ்சா மொதல்ல என்னத்தான் தூக்குவாங்கோ. உனுக்கு இன்னா, பென்ஷன் வருது."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. மூன்று வேளையும் தாளில் அவர் இடத்தைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு அலுவலகத்துக்கு எடுத்துப்போகத் தயாராக வைத்திருந்தேனே, அதை அவரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. நூறு வருஷத்துக் கதையைப் படித்து, யாரைக் கேட்கவில்லை என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்த நானே கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து தாள்களைத் திரும்ப வரைந்தோம். ஆளுக்கு ஆள் வட்டம் இல்லாமல், 'காலையில் பூ, கீரை', 'இரவில் சோளம், பழம்' என்று பகுதி பகுதியாக நிறம் தீட்டினோம். அதைத் தெருவுக்கு எடுத்துப்போய், வியாபாரிகள் முன்னால் விரித்து வைத்தோம். பூக்காரம்மா விரலை வைத்துத் தன் இடத்தைத் தேடினார். "இங்க மரம் உட்டுட்டியே டீச்சர், மத்தியானத்துல அந்த நெழல்லதான பழக்காரரு வண்டிய நிறுத்துவாரு" என்றார். உண்மைதான், தூங்குமூஞ்சி மரத்தை விட்டுவிட்டோம். அவரே இடத்தைக் காட்ட, பேரன் வயசுப் பிள்ளை பச்சை மையில் வரைந்தான். இன்னும் ஏழெட்டுத் திருத்தம் வந்தது. கையெழுத்து இல்லாமல், என் பெயரிலும் மாணவர்கள் பெயரிலும் மட்டும் மனுவைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வந்தேன்.

போன வாரம் பதில் வந்தது. திட்டத்தை மாற்றுவதாக ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது கூட்டம் வரும் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, அதே மண்டபத்தில். நேரத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நான் பூக்காரம்மாவிடம் சொன்னேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "அங்க பேரு எழுதிக் குடுக்கணுமா?" என்று கேட்டார். வாசலில் வருகைப் பதிவேடு வைத்திருப்பார்கள், ஆனால் அதில் எழுதியே ஆக வேண்டுமா என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

மேற்கு மாம்பலம் நட்புகள் யாராவது சனிக்கிழமை வர முடிந்தால் வாருங்கள். கடைத்தெருவின் பழைய படம் யாரிடமாவது இருந்தால், கல்யாண ஆல்பத்தின் ஓரத்தில் தெரிந்தால்கூடப் போதும், எனக்கு அனுப்புங்கள். அந்தத் தூங்குமூஞ்சி மரத்துக்கு எத்தனை வயசு என்று தெரிந்துகொள்ள வேண்டும். மீதியைக் கூட்டம் முடிந்தபிறகு எழுதுகிறேன்.